மண்ணும் விதையும் மழலையர் வகுப்பும்

மழலையர் கல்வியின் வரலாற்றை எழுதுவோர், பெரும்பாலும் ஜெர்மனி நாட்டில் தொடங்கி, இத்தாலி வழியாக நடந்து, அடையாற்று ஆலமரத்தின் நிழலில் சற்று இளைப்பாறி, நகரத்து ஆங்கிலப் பள்ளிகளின் வாயிலில் கொண்டுபோய் முடித்துவிடுவர். அவ்வழியில் ஒரு சேரியும் குறுக்கிடுவதில்லை. நடந்த வரலாறோ வேறு. 'குழந்தைத் தோட்டம்' என்னும் முறை தமிழ்நாட்டில் தொடக்க காலத்திலேயே வேர்விட்ட இடங்களுள் நம் மக்களின் பள்ளிகளும் உண்டு. குழந்தைப் பாடல்களைத் தொகுத்து வகுப்பறைக்கு நூலாக்கித் தந்தோருள் நம் தலைவர் ஒருவர் இருக்கிறார். இன்று நாடெங்கும் வழங்கும் 'அங்கன்வாடி' என்னும் சொல்லும் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பின் முற்றத்தோடு தொடர்புடையது. இவற்றை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதனால், வெள்ளி விழாக் காணும் நம் கழகத்தின் மலருக்கு இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

கப்பலூர், திருமங்கலம் வட்டாரத்துத் தாய்மாரிடம் விளையாட்டு வழிக் கல்வியைப் பற்றிப் பேசினால் ஒரு கேள்வி தவறாமல் எழும். "மண்ணை அளையவும் புளியங்கொட்டை பொறுக்கவுமா பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம்?" இதனை அறியாமை என்று ஒதுக்குவோர் நம் வரலாற்றை அறியாதோர் ஆவர். கண்மாய்ப் பாசனத்தையும் கரிசல் வெள்ளாமையையும் நம்பி வாழ்ந்த இவ்வட்டாரத்தில், ஒரு தலைமுறைக்கு முன்புவரை நம் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே கன்று மேய்த்தனர், சாணி அள்ளினர், களைக்கொட்டோடு தாயின் பின்னே நடந்தனர். மண்ணும் தோலும் ஓலையும் கழிவும் நம் மக்கள்மீது சுமத்தப்பட்ட தொழில்களாக இருந்தன. அவற்றிலிருந்து கையைக் கழுவிக்கொள்வதற்குக் கிடைத்த ஒரே வாயில் பள்ளிக்கூடம். அங்கும் ஆசிரியை களிமண்ணை எடுத்துக் கையில் கொடுத்தால் தாயின் மனம் துணுக்குறாமல் என்ன செய்யும்? இக்கேள்விக்கு விடை சொல்லாமல் விளையாட்டு முறையின் பெருமையைப் பேசுவதில் பொருளில்லை. விடையோ வரலாற்றில் இருக்கிறது.

முதலில் மணலைப் பார்ப்போம். பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எழுத்தை முதலில் எழுதியது ஓலையில் அன்று, மணலில். தரையில் மணலைப் பரப்பி, ஆட்காட்டி விரலால் எழுத்தின் வடிவை வரைந்து, அழித்து, மீண்டும் வரைவர். விரலின் தோல் எழுத்தை உணரும், பிழையை ஒரு கையசைப்பில் அழித்துவிடலாம், செலவோ ஒன்றுமில்லை. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், இத்தகைய நாட்டுப் பள்ளி ஒன்றைக் கடந்து செல்கையில் இம்முறையைக் கண்டார். தம் பள்ளி ஆசிரியர்கள் இதனை ஏற்கத் தயங்கவே, எட்டு வயது மாணவன் ஒருவனைக் கொண்டு சிறுவர்க்கு மணலில் எழுத்துக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்று பெயர் பெற்றது. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் மணற்பலகைகள் இடம்பெற்றன. நம்மூர் மணல் கடல் கடந்து போய்ப் பாடம் சொன்ன கதை இது.

ஆயினும் அந்த மணல் பரப்பப்பட்டிருந்த திண்ணை யாருடைய வீட்டுத் திண்ணை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் நம் பிள்ளைகள் அந்தத் தெருவுக்குள்ளேயே நடக்க முடியாது. நம்மவர் யாவரும் எழுத்தறியாதவராய் இருந்தனர் என்பதும் உண்மையன்று. திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரைக்குக் கொடுத்தவர் தம் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். ஏடு காத்த குடும்பங்கள் நம்மிடையே இருந்தன. ஆனால், ஊர்ப் பொதுப் பள்ளி நமக்கு இல்லை. மணல் எல்லார்க்கும் பொது. மணலில் எழுதும் உரிமைதான் பொதுவாக இருக்கவில்லை.

ஜெர்மனியைச் சேர்ந்த பிரெடரிக் புரோபல் 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைத் தோட்டம், என்று பெயரிட்டார். குழந்தை செடியைப் போன்றது, இழுத்து வளர்க்க முடியாது என்பது அவர் எண்ணம். பெயருக்கு மட்டும் அது தோட்டமாக இருக்கவில்லை. குழந்தைகள் உண்மையாகவே பாத்தி கட்டிச் செடி வளர்த்தனர். நூற்பந்து, மரக்கட்டை, குச்சி, வளையம், விதை, கூழாங்கல் ஆகியவற்றை ஒழுங்குமுறையாகக் கையில் கொடுத்து வடிவத்தையும் எண்ணையும் அறியச் செய்தார். இத்துணை எளிய காரியமும் அரசுக்கு அச்சத்தை விளைத்தது. 1851-இல் பிரஷிய அரசு குழந்தைத் தோட்டங்களைத் தடை செய்தது. 1860-இல்தான் தடை நீங்கிற்று. குழந்தை தன் விருப்பப்படி விளையாடுவதைக் கண்டு ஆட்சி நடுங்கும் என்றால், அவ்விளையாட்டில் ஏதோ ஆற்றல் இருக்கத்தான் வேண்டும்!

இம்முறை தமிழ்நாட்டுக்கு மிஷனரிமார் வழியாகவும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் வழியாகவும் வந்தது. நமக்கு நெருக்கமான வரலாறு 1894-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட், அடையாற்றுக்கு அருகே பஞ்சமர் இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். 'பஞ்சமர்' என்பது அன்று அரசும் பிறரும் நம் மக்களுக்கு இட்ட பெயர். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. பௌத்தம் தழுவும் நோக்கோடு 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றதும் இக்காலத்தை ஒட்டியதே. இப்பள்ளிகளின் மேற்பார்வைக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பாமர் அம்மையாரும், பின்னர் வந்த கோர்ட்ரைட் அம்மையாரும் குழந்தைத் தோட்ட முறையை வகுப்பறையில் புகுத்தினர். அங்குள்ள ஆசிரியர்கள் கையாள்வதற்கென்றே 1906-இல் ஒரு கைந்நூலும் அச்சாயிற்று. நாட்டின் பெரும்பாலான பள்ளிகளில் பிரம்பும் மனப்பாடமும் கோலோச்சிய அக்காலத்தில், சென்னைச் சேரிப் பிள்ளைகள் ஆடியும் பாடியும் பொருள்களைக் கையால் தொட்டும் கற்றனர் என்பது சிறிய செய்தியன்று.

அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இப்பள்ளிகள் தொடக்க வகுப்புகளோடு நின்றன. சமையலும் தையலும் பாடங்களாயின. படித்து வெளிவருவோர் துரைமார் வீடுகளில் நல்ல வேலைக்காரராகலாம் என்பதே அன்றைய புரவலர் பலருடைய எண்ணத்தின் எல்லை. அடிவகுப்பில் குழந்தையின் கையைத் திறந்துவிட்டு, மேல்வகுப்பின் கதவை அடைத்துவிட்டார்கள். விளையாட்டு முறையை மதிப்பிடும்போது, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்னும் பாடம் இதில் கிடைக்கிறது.

அடுத்து நாம் நினைவுகூர வேண்டியவர் எம்.சி. ராஜா. 1883-இல் பிறந்து 1943-இல் மறைந்த அப்பெருமகனாரை, சென்னை சட்டமன்றத்தில் நம் மக்களுக்காக முழங்கியவராகவும், பழைய இழிபெயர்கள் நீங்கி 'ஆதி திராவிடர்' என்னும் பெயர் 1922-இல் அரசாணையில் ஏறக் காரணமானவராகவும் நாம் அறிவோம். அவர் பள்ளி ஆசிரியர் என்பதை மறந்துவிடுகிறோம். சென்னை இராயப்பேட்டை வெஸ்லி கல்வி நிலையத்தில் பணியாற்றியவர், பாடநூல்கள் எழுதியவர். அவரும் ஆர். ரங்கநாயகி அம்மாளும் இணைந்து 1930-இல் 'கிண்டர்கார்டன் ரூம்' என்னும் நூலை வெளியிட்டனர். நிலவைக் கூப்பிடுவது, கை வீசுவது, சாய்ந்தாடுவது என்று இன்று தமிழர் வீடெங்கும் சாதி வேறுபாடின்றிப் பாடப்படும் குழந்தைப் பாடல்கள் அந்நூலில் அச்சேறியுள்ளன. பாட்டிமாரின் வாயில் வழங்கியவற்றை வகுப்பறைக்கு உரிய பாடமாக மதித்து எழுத்தில் ஏற்றியது பெரிய காரியம். வட்டமேசை மாநாடுகளும் தொகுதிப் பங்கீடும் நாட்டை உலுக்கத் தொடங்கிய ஆண்டுகளில், ஓர் அரசியல் தலைவர் கைகொட்டிப் பாடும் மூன்று வயதுக் குழந்தைக்கென உட்கார்ந்து நூல் செய்திருக்கிறார்! அவருடைய அரசியல் முடிவுகளில் சிலவற்றை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். இந்த நூலுக்காக ஒவ்வொரு தமிழ்த் தாயும் அவருக்குக் கடன்பட்டவளே. எத்தனை பாடநூல்களில் அவர் பெயர் இதற்காக இடம்பெற்றிருக்கிறது என்பதை இளைஞர்களே தேடிப் பாருங்கள்.

1907-இல் உரோமை நகரின் சான் லோரென்சோ என்னும் ஏழைகள் பகுதியில் குழந்தைகள் இல்லம் தொடங்கி உலகப் புகழ் பெற்ற மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-இன் இறுதியில் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். இரண்டாம் உலகப்போர் காரணமாக நாடு திரும்ப முடியாது போகவே, 1942 முதல் 1944 வரை நம் கொடைக்கானலில் தங்கினார். அங்கே சிறுவர்களோடு செடி, கொடி, பூச்சி, கல் முதலியவற்றைக் கொண்டு அவர் செய்த பணி, இயற்கையை ஒட்டிய கல்வி பற்றிய அவர் கருத்துக்கு வளம் சேர்த்தது. ஆனால், அவர் பெயரால் நடக்கும் பள்ளிகள் பல, மெருகேற்றிய மரக்கருவிகளை விலைகொடுத்து வாங்கக்கூடியவர்களின் பள்ளிகளாகவே வளர்ந்துவிட்டன. ஏழைக் குடியிருப்பில் பிறந்த முறை செல்வர் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது.

அதனைத் திரும்ப ஏழையின் முற்றத்துக்கு அழைத்துவந்தவர் தாராபாய் மோடக் அம்மையார். குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் குழந்தைகள் பள்ளி நிறுவிய கிஜுபாய் பதேகாவிடம் பயின்று பணியாற்றியவர். 1926-இல் அவரோடு சேர்ந்து 'நூதன பாலசிட்சண சங்கம்' கண்டவர். (கிஜுபாயின் 'பகல் கனவு' தமிழிலும் வந்துள்ளது; நம் நூலகங்களில் இருக்கவேண்டிய நூல்.) நகரத்துப் பிள்ளைகளுக்குப் பயன்பட்ட முறை சிற்றூருக்குப் பொருந்துமா என்று ஆராய, 1945-இல் மகாராட்டிரக் கடற்கரையில் உள்ள போர்டி என்னும் ஊரில் மையம் தொடங்கினார். அனுதாய் வாக் அம்மையார் துணை நின்றார்.

இங்கேதான் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி வருகிறது. பள்ளியைத் திறந்து வைத்துவிட்டால் எல்லாரும் வருவார்கள் என்பது போர்டியில் நடக்கவில்லை. தாழ்த்தப்பட்ட குடியிருப்பின் பிள்ளைகள் வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு விடியலில் வெளியேறும் பெற்றோர். தம்பி தங்கையைச் சுமக்கும் மூத்த குழந்தை. ஊர்த் தெருவைக் கடந்து செல்ல நூற்றாண்டுகளாகப் பழகிய அச்சம். 'அவர்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சொன்னவர்களைத்தான் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். தாராபாய் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளைகளிடம் போகட்டும் என்று, குடியிருப்பின் முற்றத்திலேயே வகுப்பை நடத்தினார். முற்றத்துக்கு மராத்தியில் 'அங்கண்' என்று பெயர். முற்றத்துப் பள்ளி 'அங்கன்வாடி' ஆயிற்று.

முற்றத்தில் மெருகேற்றிய மரக்கருவிகளுக்கு இடமேது? கடற்கரைக் கிளிஞ்சல், விதை, இலை, குச்சி, கூழாங்கல், களிமண் ஆகியவையே கருவிகளாயின. சிக்கனம் மட்டும் இதற்குக் காரணமன்று. அப்பொருள்களைக் குழந்தை முன்பே அறியும். அவற்றின் பெயர் அதன் வீட்டு மொழியில் இருக்கிறது. எந்த விதை எந்த மரத்தது என்று அது ஆசிரியைக்கே சொல்லிக்கொடுக்கும். முதல்நாளே 'எனக்குத் தெரியும்' என்று சொல்லிக்கொண்டு ஒரு குழந்தை வகுப்பில் உட்காருவது, பரம்பரையாக 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்கப்பட்ட குடும்பத்துக்குச் சாதாரணமானதா? பின்னர் 1950-களின் இடையில் அவர்கள் கோஸ்பாட் குன்றுக்குச் சென்று வார்லிப் பழங்குடி மக்களிடையே பணியைத் தொடர்ந்தனர். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடந்தது. தாராபாய் 1973-இல் மறைந்தார். பள்ளிப் பருவத்துக்கு முந்திய குழந்தைகளைப் பற்றி மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு 1972-இல் அறிக்கை அளித்தது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு 'அங்கன்வாடி' என்னும் பெயரே சூட்டப்பட்டது.

இனித் தாயின் கேள்விக்கு வருவோம். அக்கேள்வியின் பின்னே 1953-ஆம் ஆண்டின் நினைவு நிற்கிறது. இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலில் ஈடுபட வேண்டும். 'குலக்கல்வித் திட்டம்' என்று நாடே எதிர்த்தது. 1954-இல் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. தோட்டியின் மகன் மலக்கூடையையும் சக்கிலியரின் மகன் தோலையும் பள்ளி நேரத்திலும் தொடவேண்டும் என்பதே நடைமுறையில் அதன் பொருளாகியிருக்கும். கையால் செய்யும் தொழிலின் பெருமையை உயர்வாகப் பேசியவர்கள், எந்தக் கை எந்தத் தொழிலைச் செய்யவேண்டும் என்பதை மட்டும் பிறப்பிடமே விட்டுவிட்டார்கள். காந்தியடிகளின் ஆதாரக் கல்வியின்மீதும் நம்மவர் பலர்க்கு ஐயம் இருந்தமைக்கு இதுவே காரணம்.

மழலையர் வகுப்பின் களிமண்ணும் அதே மண்தானே என்றால், இல்லை என்பேன். வேலைக்கு விளைவைக் கேட்டு வாங்க ஒருவர் நிற்பார். விளையாட்டுக்கு அப்படி ஒருவரும் இல்லை. குழந்தை பாதியில் விட்டுவிடலாம், கலைத்துவிடலாம், நாளை வேறொன்று செய்யலாம். குலக்கல்வியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தகப்பனின் பொருள் தனித்தனி. மழலையர் வகுப்பிலோ எல்லார் பிள்ளைக்கும் ஒரே மண், ஒரே விதை. மேலும், வேலையில் களிமண் சட்டியாக முடியும். வகுப்பில் அது எழுத்தாகவும் எண்ணாகவும் முடியவேண்டும். முடியவில்லையானால் தாயின் கேள்வி நியாயமானதே. விளையாட்டு என்ற பெயரில் பிள்ளையை மண்ணில் விட்டுவிட்டு ஆசிரியை ஓரமாக உட்கார்ந்திருப்பதற்கு இங்கே யாரும் பரிந்துரைக்கவில்லை.

நம் மதுரை மாவட்டத்துக்கு இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த சின்னாளபட்டிக்கு அருகில் 1947-இல் டாக்டர் சௌந்திரமும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவிக் குழந்தைகள் நலப்பணியையும் மேற்கொண்டனர். உலக வங்கியின் உதவியோடு அமைந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் முதன்முதலாகக் காலூன்றியது நம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான். 1982 ஜூலை 1-ஆம் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைச் சிற்றூர்ப் பாலர்களுக்கும் சேர்த்தே தொடங்கினார். இவற்றால் நம் பிள்ளைகள் உண்டு பிழைத்தனர். அதனை நன்றியோடு சொல்லவேண்டும். ஆனால், சோற்றுக்கும் எடைக்கும் கிடைத்த கவனம் விளையாட்டுக்கும் பேச்சுக்கும் நெடுநாள் கிடைக்கவில்லை. 'பால்வாடி' என்றால் சாப்பிட்டுத் தூங்கும் இடம் என்றே ஊரில் பெயராயிற்று. பிற்காலத்தில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டம் அங்கன்வாடிகளுக்கு வந்தது. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகளும் தொடங்கப்பெற்றன.

இதற்குள் கப்பலூரே மாறிவிட்டது. தியாகராசர் ஆலையும் தொழிற்பேட்டையும் நான்குவழிச் சாலையும் வந்தபின், கடன்பட்டேனும் பிள்ளையைத் தனியார் ஆங்கிலப் பள்ளியின் வண்டியில் ஏற்றிவிடும் பெற்றோர் நம்மிடையே பெருகினர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. அங்கே வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றன. வேப்பங்கொட்டையை விட அவை உயர்ந்தவையாகத் தோன்றுவது இயல்பே. மூன்று விரலால் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சிரட்டையில் போடும் குழந்தைக்கு, பின்னாளில் எழுதுகோலைப் பிடிக்கும் தசைகள் அப்போதே உறுதிப்படுகின்றன. பரப்பி வைத்தாலும் குவித்து வைத்தாலும் பத்து பத்துதான் என்பதை அது தன் கண்ணாலும் கையாலும் அறிகிறது. ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளை இதனை அறிந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நம் வட்டாரத்துப் பருவங்களை எண்ணிப் பாருங்கள். பள்ளி திறக்கும் ஆனியில் வேப்பம்பழம் உதிர்கிறது. பழத்தைப் பிதுக்கினால் கொட்டை வழுக்கிக்கொண்டு ஓடும். கழுவிக் காயவைத்துப் பத்துப் பத்தாகக் கூறு கட்டலாம். ஆடிக் காற்றுக்குப் பனையோலைக் காற்றாடி. ஓலையை நறுக்கிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால் சதுரம் தானே பிறக்கும். பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினால் உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியும் தெரியும். சுருளின் அளவு மாறினால் ஒலி ஏன் மாறுகிறது என்று ஐந்து வயதுப் பிள்ளையே கேட்கும். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம். கொட்டையைப் புதைத்து வைத்துவிட்டால் தை மாதம் கிழங்கு தோண்டலாம். காத்திருத்தல் என்பதைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் நானறியேன். ஐப்பசி மழை கண்மாய்க் களிமண்ணைப் பதமாக்கித் தரும். கயிறாகத் திரித்து 'அ' எழுதலாம். மறுநாள் அது வெடித்துக் கிடக்கும். வெயிலும் நீரும் செய்யும் வேலையைப் பிள்ளை பார்க்கும். ஈர்க்குச்சியால் 'ட'வும் 'ப'வும் எளிதில் வரும், 'ம'வுக்கு வளைக்கவேண்டும். வளைத்துப் பார்த்த கை அந்த எழுத்தை மறக்காது. தையில் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் நெற்கதிரும். மாசி, பங்குனியில் புளியும் பருத்தியும். உடைத்த பருத்திக் காயில் எத்தனை அறை, அறைக்கு எத்தனை விதை என்று எண்ணலாம். ஆற்றுமணல் கிடைத்தால் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம். மணலும் இன்று விலைப்பொருளாகிவிட்டது என்பது வேறு செய்தி. சாலையோரப் புளியமரங்கள் போன இடமும் எல்லாரும் அறிந்ததே.

ஒரு எச்சரிக்கை உண்டு. குன்றிமணி பார்க்க அழகு; உள்ளே கொடிய நஞ்சு. அரளி விதை, ஊமத்தங்காய், எருக்கம்பால் ஆகியவற்றை மழலையர் வகுப்பின் பக்கமே அண்டவிடலாகாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் சிறு விதை எதுவும் தனியே இருத்தல் கூடாது. அது மூக்குக்கும் தொண்டைக்கும் போகும். ஆசிரியையின் கண் அகலாதிருந்தால்தான் விளையாட்டு.

இறுதியாக, வட்டத்தைப் பற்றி ஒரு சொல். புரோபலின் நாள்தொட்டு மழலையர் வகுப்பில் பிள்ளைகள் வட்டமாகவே உட்காருகின்றனர். வட்டத்துக்கு முன்வரிசையும் பின்வரிசையும் இல்லை. ஒரே தட்டு மண்ணை இருவர் சேர்ந்து பிசைவர். ஒரே சிரட்டைத் தண்ணீரில் கை நனைப்பர். தனிக்குவளை வைத்திருந்த நாட்டில் இது என்ன காரியம் என்பதை நம் முதியோர் அறிவர். அதனாலேயே, மையம் எந்தத் தெருவில் அமைகிறது, யார் சமைக்கிறார், யார் பிள்ளை யார் பக்கத்தில் உட்காருகிறது என்னும் சச்சரவுகள் இன்றும் சில ஊர்களில் எழுகின்றன. தாழ்த்தப்பட்ட பெண் சமைத்த உணவைப் பிள்ளைகள் உண்ணவிடாது தடுத்த செய்திகள் இந்த நூற்றாண்டிலும் நாளேடுகளில் வந்தன. நம் குடியிருப்பில் மையம் அமைந்தால் மற்றவர் வருவதில்லை. ஊர்த்தெருவில் அமைந்தால் நம் பிள்ளைகள் தயங்குகின்றனர். தாராபாய் முற்றத்துக்குப் போனது முதற்படி. அந்த முற்றத்துக்கு ஊரும் வந்து உட்காரவேண்டும் என்பது அடுத்த படி. அது இன்னும் பல இடங்களில் ஏறப்படாமலே இருக்கிறது.

நம் மகளிருள் பலர் இன்று ஆசிரியப் பயிற்சி பெற்றுள்ளனர். அங்கன்வாடிப் பணியில் இருப்போரும் உளர். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்று. மாதம் ஒருமுறை தாய்மாரை வகுப்பிலேயே உட்காரவைத்து, பிள்ளை கொட்டையை எண்ணுவதையும் களிமண்ணில் எழுத்து வளைப்பதையும் அவர்கள் கண்ணாரக் காணச் செய்யுங்கள். பாட்டிமாரையும் அழையுங்கள், பல்லாங்குழியும் தட்டாங்கல்லும் நுங்குவண்டியும் செய்யத் தெரிந்தவர்கள் அவர்களே. அவர்கள் பாடும் பாடல்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, பாடியவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் சேர்த்து வையுங்கள். எம்.சி. ராஜாவும் ரங்கநாயகி அம்மாளும் நூல் செய்த 1930-க்குப் பின், கப்பலூர்ப் பக்கத்துப் பாட்டிமார் பாடியவற்றுள் அச்சேறாமல் கிடப்பவை எத்தனையோ.